நாலு கறுப்பு பிளக்குகள்

தூத்துக்குடிக்குப் போய்த் திரும்பிய மனிதர் மறுநாள் காலையிலேயே எவர்சில்வர் டப்பாவோடு வாசலில் வந்து நின்றால், உள்ளே மக்ரூன் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிளைவும் அப்படித்தான் நினைத்தார். வாய் நிறைய வரவேற்று, டப்பாவைக் கையில் வாங்கி, கேட்காமலேயே மூடியையும் திறந்துவிட்டார். உள்ளே தினசரித் தாளின் மேல் நாலு ஸ்பார்க் பிளக் கிடந்தன. நாலுக்கும் முனை கன்னங்கரேலென்று கரி பிடித்திருந்தது.

“இது மக்ரூன் இல்லையே” என்றார் கிளைவ்.

“மக்ரூன் ஃப்ளோரா கொண்டாருவா. நான் நியாயம் கேக்க வந்திருக்கேன். ஜெரால்டின் எங்க?” என்றார் எட்மண்ட்.

புனேயின் சாங்வியில் நாற்பது வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்தில், முதல் மாடி எட்மண்ட்–ஃப்ளோரா தம்பதிக்கு, மூன்றாவது மாடி கிளைவ்–ஜெரால்டின் தம்பதிக்கு. கிளைவ் கட்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். ஜெரால்டின் வாகன சர்வேயர். விபத்தில் நசுங்கிய கார்களைச் சுற்றிவந்து பார்த்து, எது நிஜமான அடி, எது பணத்துக்காகப் போட்ட அடி என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தருகிற வேலை. இருபது வருடமாக இரும்போடு பேசிப் பழகியதாலோ என்னவோ, மனிதர்களிடம் குரலை உயர்த்தவே மாட்டார். அந்தக் குறையைக் கிளைவ் சேர்த்து ஈடுகட்டிவிடுவார்.

ஜெரால்டின் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “முதல்ல பேத்தியைக் காட்டுங்க அண்ணே.”

எட்மண்ட் கோபமாக வந்த மனிதர்தான். ஆனாலும் மகள் ரியாவுக்குப் பிறந்த பதினைந்து நாள் குழந்தையின் படத்தைக் கேட்டால் காட்டாமல் இருக்க முடியுமா. போனில் பதினேழு படம் காட்டினார். பதினெட்டாவது படத்தில் கோபம் ஞாபகம் வந்துவிட்டது.

“இப்ப நான் சொல்லுதேன், கேளு. ஊருக்குப் போறதுக்கு முந்தின நாள் நம்ம மெக்கானிக் இர்பான் வந்து நாலு பிளக்கும் புதுசு மாத்தினான். மூணு வாரம் வண்டி இருந்த இடத்துலயே நிக்கி. இன்னைக்குக் காலைல சாவியைப் போட்டா இருமுது, குலுங்குது, நின்னுபோகுது. நானே பிளக்கைக் கழட்டிப் பார்த்தேன். நீயே பாரு. புதுசு இப்படியா இருக்கும்? எங்கயோ குப்பையில கிடந்ததைப் போட்டுட்டு, புதுசுன்னு சொல்லியிருக்கான்.”

“சரி.”

“அது மட்டும் இல்ல. டேங்க்ல பாதிக்கு மேல பெட்ரோல் விட்டுட்டுப் போனேன். இப்ப முள்ளு சிவப்புல படுத்துக் கிடக்கு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை காம்பவுண்டுக்குள்ள வந்து எல்லா வண்டியையும் பாக்கான்லா, உறிஞ்சிட்டான். சீட்டை வேற முன்னால தள்ளி வச்சிருக்கான். ஏறி உக்காந்தா முழங்கால் ஸ்டீயரிங்ல இடிக்கி.”

“கிலோமீட்டர்?”

“எண்பத்து நாலாயிரத்து நூத்திப் பதினாறு. போகும்போது டைரியில குறிச்சேன். இப்பவும் அதேதான்.”

“வண்டியை யார்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போனீங்க?”

“அதெல்லாம் நான் சரியாத்தான் செஞ்சேன். சுந்தரமூர்த்திகிட்ட ஒரு சாவி குடுத்து, பேட்டரி இறங்காம இருக்க தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன். இன்னொரு சாவி வீட்டுல பிரிட்ஜுக்குப் பக்கத்துல ஆணியில தொங்குது. இர்பான்கிட்ட சாவி கிடையாது. பெட்ரோல் உறிஞ்ச சாவி எதுக்கு?” எட்மண்ட் எழுந்தார். “நாளைக்குப் பதினோரு மணிக்கு நம்ம பில்டிங் சொசைட்டி கூட்டம். இனிமே அவனைக் காம்பவுண்டுக்குள்ள விடக்கூடாதுன்னு குரூப்ல போட்டுட்டேன். நீ ஒரு வரி எழுதிக் குடு, இது பழைய பிளக்னு. உன் கையெழுத்துன்னா ஒருத்தரும் மறுத்துப் பேச மாட்டாங்க.”

“எழுதித் தர்றேன் அண்ணே. ஆனா நான் பார்த்ததைத்தான் எழுதுவேன். வண்டியை அப்படியே இருந்த மாதிரி விடுங்க, சீட்டைக்கூட நகத்த வேண்டாம்.”

“நாளைக்குள்ள பாரு” என்று சொல்லிவிட்டு எட்மண்ட் போனார். டப்பா மேசையிலேயே இருந்தது.

“ஜெரி, எனக்கு இப்பவே தெரிஞ்சுபோச்சு” என்றார் கிளைவ்.

“எனக்கு இன்னும் தெரியல. வா, கீழே போவோம்.”

இர்பான் கீழே பார்க்கிங்கில்தான் நின்றுகொண்டிருந்தான். வாட்ஸ்அப்பில் தன் பேரைப் பார்த்துவிட்டு ஓடிவந்திருக்கிறான். முப்பது வயது. வாணியம்பாடிக் குடும்பம், பிறந்து வளர்ந்தது புனேயில். தமிழும் ஹிந்தியும் அவன் வாயில் தனித்தனியாக வராது.

“கசம் சே, சத்தியமா சொல்றேன் அக்கா, நாலும் புதுசு. பேக்கிங்க பிரிச்சு அங்கிள் முன்னாடியே போட்டேன். பழசை அதே டப்பால போட்டு டிக்கில வெச்சேன். எந்த வண்டி ஆனாலும் பழசை ஓனர்கிட்ட கொடுத்துடுவேன், என் ஆதத், பழக்கம் அது. பேட்டரி ஒயரைக் கழட்டி வெச்சுட்டுப் போங்க அங்கிள்னும் சொன்னேன். அவரு சிரிச்சுட்டாரு.” அவன் கைத்துணியை முறுக்கிக்கொண்டே பேசினான். “இந்தக் காம்பவுண்ட்ல இருபத்தாறு வண்டி நான் பார்க்கறேன். இதை நம்பித்தான் போன மாசம் பக்கத்துச் சந்துல ஷெட் எடுத்தேன். நாளைக்குக் கூட்டத்துல திருடன்னு சொல்லிட்டாங்கன்னா இங்க மட்டுமில்ல, சாங்வியில எந்த கேட்டும் தொறக்காது அக்கா.”

“நாளைக்குப் பத்தரைக்கு இங்கே வா” என்றார் ஜெரால்டின். “டூல்ஸ் எடுத்துட்டு வா.”

“அரே, டூல்ஸ் எதுக்கு அக்கா?”

“பிளக்கைத் திருப்பி மாட்ட வேண்டாமா?”

எட்மண்டின் கார் இருபத்தேழு வயதுக் கிழவி. வெள்ளை நிறம். கார்புரேட்டர் காலத்து வண்டி. குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு டாஷ்போர்டுக்குக் கீழே சோக் குமிழ் ஒன்று உண்டு. அதை இழுத்தால் எஞ்சினுக்குப் போகும் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். வண்டி கிளம்பிச் சூடானதும் குமிழை உள்ளே தள்ளிவிட வேண்டும். சொசைட்டியில் இந்த வண்டிக்கு ராணி என்று பெயர். எட்மண்டைத் தவிர வேறு யாரும் அதை ஓட்டியது கிடையாது. ஃப்ளோராவுக்கு லைசென்ஸ் இருந்தும் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை.

ஜெரால்டின் ராணியைச் சுற்றி மெதுவாக நடந்தார். நாலு டயரையும் ஒட்டிச் சருகு குவிந்திருந்தது. பின்சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சிலந்தி நிதானமாக வலை கட்டி முடித்திருந்தது. புகைக்குழாய்க்குப் பின்னால், போன தீபாவளிக்குத்தான் வெள்ளையடித்த சுவரில், பெரிய தட்டு அளவுக்குக் கறுப்பு வட்டம். விரலால் தொட்டதும் கரி ஒட்டிக்கொண்டது.

டிக்கியில் இர்பான் சொன்ன டப்பா இருந்தது. உள்ளே நாலு பழைய பிளக். பால் குறைந்த டீயின் நிறம். டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டார்.

கடைசியாக டிரைவர் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். சீட் முழுக்க முன்னால் இருந்தது. நெம்புகோலைத் தொடாமல் சீட்டை மட்டும் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அசையவில்லை, பூட்டு கெட்டியாக இருந்தது. சோக் குமிழ் முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த மாதா சுரூபத்தின் காலடியில் நந்தியாவட்டைப் பூக்கள். பல பூக்கள் சருகாகியிருந்தன, சில வாடியிருந்தன. ஒரு பூ மட்டும் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

“ஃப்ளோரா வெச்சிருப்பாங்க” என்றார் கிளைவ்.

“மூணு வாரம் வாடாத பூவா?” என்றார் ஜெரால்டின். கிளைவ் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பூ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

மாடிப்படியில் பாலாம்பாள் எதிரே வந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர், எட்மண்டின் எதிர் வீடு. கிளைவின் தோள் உயரம்கூட இருக்கமாட்டார். கையில் பூவாளி.

“எட்மண்ட் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போறேன்மா. மூணு வாரமா செடிக்குத் தண்ணி ஊத்தினது நான்தான். நந்தியாவட்டை எப்படிப் பூத்திருக்கு தெரியுமா” என்றவர், குரலைத் தாழ்த்தி, “வண்டி ஏதோ கிளம்பலையாமே” என்றார்.

“ஆமா மாமி. நாளைக்குப் பத்தரைக்குக் கீழே வர முடியுமா?”

“நான் எதுக்கும்மா?” என்று கேட்டார் பாலாம்பாள். ஆனால் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

அடுத்து சுந்தரமூர்த்தி. சொசைட்டி செக்ரெட்டரி. கட்கி தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். ஆறடி இரண்டங்குலம். சாமி, பூ, பூஜை எதிலும் நம்பிக்கை கிடையாது. ஷிஃப்ட் நேரத்தில் மட்டும் அபார நம்பிக்கை.

“டெய்லி காலைல ஆறு மணி, வாக்கிங் போறதுக்கு முன்னாடி. டியூட்டி மாதிரி செஞ்சேன்” என்றார். “ஒருநாள் தவறல. சோக்கை நல்லா இழுத்து, அஞ்சு நிமிஷம் கடிகாரம் பார்த்து ஓட்டி, நிறுத்திடுவேன். கடைசி நாலு நாளா கொஞ்சம் இருமிச்சு. டிசம்பர் குளிரு இல்ல, அதான். ஆனா அந்த சீட்டு இன்னா சீட்டும்மா. ராத்திரியில தானா முன்னாடி நகந்துடுது. டெய்லி நான் பின்னாடி தள்றேன், மறுநாள் பார்த்தா ஸ்டீயரிங்கை ஒட்டி நிக்குது. ஸ்பிரிங் போயிடுச்சு. இதைக்கூட அந்த இர்பான் பார்க்கல பாரு.”

வீட்டுக்கு வந்ததும் கிளைவ் நோட்டைத் திறந்தார். “மூணு சந்தேகம். ஒண்ணு, இர்பான் வண்டியை லோனாவ்லாவுக்கு வாடகைக்கு ஓட்டியிருக்கான்.”

“கிலோமீட்டர் ஏறலையே.”

“மீட்டர் ஒயரைக் கழட்டியிருப்பான்.”

“அந்தச் சிலந்தி கூடவே லோனாவ்லா போய்ட்டு வந்து மறுபடி அதே இடத்துல வலை கட்டிச்சா?”

கிளைவ் முதல் வரியை அடித்தார். “ரெண்டு, சுந்தரமூர்த்தி பெட்ரோலைத் திருடினார்.”

“அவர்கிட்ட வண்டியே இல்லை. சைக்கிள்தான்.”

இரண்டாவது வரியும் போயிற்று. “மூணாவது இன்னும் யோசிக்கல” என்று ஒப்புக்கொண்டார். ஜெரால்டினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனிதரோடு இருபத்திரண்டு வருடம் எப்படிப் போயிற்று என்று யாராவது கேட்டால், இப்படித்தான் போயிற்று.

டீ போட்டு எடுத்துவந்து, டப்பாவிலிருந்து ஒரு கறுப்பு பிளக்கை எடுத்து அவர் கையில் வைத்தார். “இது என்ன செய்யும் சொல்லு.”

“ஸ்பார்க் பண்ணும்.”

“எப்படி?”

கிளைவ் டீயைக் குடித்தார். வாத்தியார்களுக்குக் கேள்வி கேட்டுத்தான் பழக்கம்.

“நடுவுல இந்தக் கம்பி. மேலே வளைஞ்சு நிக்கிற இந்தக் கம்பி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நகத்தோட கனம் இடைவெளி. பேட்டரியில இருந்து வர்றது பன்னிரண்டு வோல்ட்டுதான். காயில் அதை இருபதாயிரம் வோல்ட் வரைக்கும் ஏத்தி அனுப்பும். அவ்வளவு அழுத்தம் வந்தா மின்சாரம் வேற வழியில்லாம இந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும். அந்தப் பொறியிலதான் பெட்ரோலும் காத்தும் பத்திக்கும். ஹைவேல போகும்போது ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு தடவை குதிக்கும்.”

“ஒவ்வொண்ணும்?”

“ஒவ்வொண்ணும். நடுக்கம்பியைச் சுத்தி இருக்கிற இந்த வெள்ளைப் பீங்கான் எதுக்குன்னா, மின்சாரம் பக்கவாட்டுல ஒழுகாம இருக்கறதுக்கு. இப்ப இது வெள்ளையா இருக்கா?”

“கறுப்பா இருக்கு.”

“கரி மின்சாரத்தைக் கடத்தும். பீங்கான் மேல கரி படிஞ்சா, குதிக்கறதுக்குப் பதிலா கரி வழியாவே நடந்து போயிடும். நடக்க வழி இருந்தா யார் குதிப்பா? பொறி வராது, வண்டி இருமும்.” ஜெரால்டின் கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார். “இப்ப இந்த நடுக்கம்பியோட முனையைப் பாரு. அப்புறம் டிக்கில கிடைச்சதைப் பாரு.”

கிளைவ் மாறி மாறிப் பார்த்தார். முகம் மாறிற்று. நோட்டை எடுத்து மூன்றாவது சந்தேகத்தை எழுதப் போனவர், எழுதாமல் மூடிவைத்தார்.

“ஜெரி, அப்ப எட்மண்ட் அண்ணன்…”

“நாளைக்கு” என்றார் ஜெரால்டின்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது பார்க்கிங்கில் கூட்டத்துக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். தூணுக்குத் தூண் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது. பதினோரு மணிக்குத்தான் எல்லோரும் வருவார்கள். பத்தரைக்கு ராணியைச் சுற்றி நின்றது எட்மண்ட், ஃப்ளோரா, சுந்தரமூர்த்தி, பாலாம்பாள், இர்பான், பிறகு கிளைவும் ஜெரால்டினும்தான். இர்பான் யாரையும் பார்க்காமல் தன் டூல் பையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜெரால்டின் காரின் பானெட் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, இடப்பக்கம் நாலு கறுப்பு பிளக், வலப்பக்கம் நாலு பழுப்பு பிளக் வைத்தார்.

“அண்ணே, கறுப்பா இருந்தா பழசுன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“யாரு சொல்லணும்? பாத்தாலே தெரியுது.”

“வலப்பக்கம் இருக்கறது டிக்கில இருந்தது. மூணு வருஷம் உங்களோட தளேகாவ், லோனாவ்லான்னு நல்லா ஓடின உங்க பழைய பிளக். அது கறுப்பாவா இருக்கு?”

எட்மண்ட் குனிந்து பார்த்தார். “பழுப்பா இருக்கு.”

“நல்லா ஓடற எஞ்சின்ல எத்தனை வருஷமானாலும் இந்த நிறம்தான். இர்பான் புதுசை எடுத்துக்கிட்டு உங்க பழசையே திருப்பிப் போட்டிருந்தா, உங்க கைக்கு வந்திருக்க வேண்டியது இது.”

“வேற ஏதாவது வண்டியோட பழசைப் போட்டிருப்பான்.”

“இருக்கலாம். அதுக்குத்தான் இது” என்று லென்ஸை அவர் கையில் கொடுத்தார். “நடுக்கம்பி முனையைப் பாருங்க. ஒவ்வொரு பொறிக்கும் அந்த முனையில இருந்து துளி உலோகம் தேயும். பழுப்பு பிளக்ல முனை எப்படி இருக்கு?”

“மழுங்கி, உருண்டையா இருக்கு.”

“கறுப்புல?”

எட்மண்ட் வெகுநேரம் பார்த்தார். துணியால் கரியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். “கூரா இருக்கு” என்றார் மெதுவாக. “வெட்டி வச்ச மாதிரி விளிம்பு.”

“நாலும் அப்படித்தான். பிளக்கோட வயசைச் சொல்றது முனை அண்ணே. அது எப்படி வாழ்ந்ததுன்னு சொல்றதுதான் நிறம். இது நாலும் புத்தம் புதுசு. இர்பான் சொன்னது நிஜம்.”

இர்பான் தலையை நிமிர்த்தினான். கைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துணியில் இருந்த கிரீஸ் கன்னத்தில் கோடாக ஒட்டியது.

“அப்ப மூணே வாரத்துல கரி எப்படி வந்துது?” என்றார் எட்மண்ட். குரலில் பாதி காற்று போயிருந்தது. “பெட்ரோல் எங்க போச்சு?”

“ரெண்டுக்கும் ஒரே பதில்” என்று ஜெரால்டின் பின்சுவரைக் காட்டினார். “அங்க போச்சு. நகராத வண்டி, ஒரே இடத்துல நின்னு திரும்பத் திரும்பப் புகை விட்டிருக்கு. பிளக்கோட பீங்கானுக்கு ஒரு சூடு வேணும், நானூத்தம்பது டிகிரி. அந்தச் சூட்டுல படியற கரியை அதுவே எரிச்சுச் சுத்தம் பண்ணிக்கும். ரோட்டுல ஓடினாத்தான் அந்தச் சூடு வரும். குளிர்ல சோக்கை முழுக்க இழுத்து, நின்ன இடத்துலயே அஞ்சு நிமிஷம் ஓட்டி நிறுத்தினா, பெட்ரோல் அதிகம், காத்து கம்மி, சூடு இல்லை. ஒவ்வொரு அஞ்சு நிமிஷமும் ஒரு பூச்சு கரி. பேட்டரிக்கும் லாபமில்லை. ஸ்டார்ட் பண்ணச் செலவானதே திரும்பி ஏறியிருக்காது.”

சுந்தரமூர்த்தி கறுப்பு பிளக் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். “அப்ப நான்தான் கெடுத்தேனா?”

“நீங்க மட்டும் கெடுத்திருந்தா இவ்வளவு கறுத்திருக்காது சார். பெட்ரோலும் இவ்வளவு இறங்கியிருக்காது. சீட்டு தானா முன்னாடி வருதுன்னு சொன்னீங்க இல்ல? பூட்டு நல்லா இருக்கு, நான் உலுக்கிப் பார்த்தேன். தினமும் யாரோ முன்னாடி இழுத்திருக்காங்க. பெடல் எட்டாதவங்க. நீங்க காலைல பின்னாடி தள்றீங்க, அவங்க அப்புறம் வந்து முன்னாடி இழுக்கறாங்க. கடைசியா உக்காந்தது அவங்கதான், அதனாலதான் எட்மண்ட் அண்ணனுக்கு முழங்கால் இடிச்சுது. ரெண்டாவது சாவி அண்ணன் வீட்டு ஆணியில இருந்தது. அந்த வீட்டுக்குச் சாவி வெச்சிருந்தவங்க, உக்காந்ததும் மாதாவுக்கு அந்த வீட்டு நந்தியாவட்டையில ஒரு பூ வெச்சிருக்காங்க. ஒருநாள்கூட விடல.”

எல்லோரும் திரும்பிப் பார்ப்பதற்குள் பாலாம்பாள் ஓரடி முன்னால் வந்துவிட்டார்.

“நான்தான். மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து பத்து நிமிஷம் ஓட்டுவேன். அஞ்சு சொன்னாங்க, கூட அஞ்சு இருக்கட்டும்னு நானா சேர்த்துக்கிட்டேன். எதிர்ல மாதா இருக்கா, சும்மா எப்படி உக்கார்றது, அதான் பூ. அந்த சீட்டு தினமும் தானா பின்னாடி போயிடுதேன்னு நானும் நினைச்சேன்.” அவர் இர்பானைப் பார்த்தார். “உன் மேல பழி வந்தப்பவே சொல்லியிருக்கணும்ப்பா. வண்டிக்கு நல்லதுதானே பண்ணோம், இதுக்கும் அதுக்கும் என்னன்னு இருந்துட்டேன். சொல்லமாட்டேன்னு வாக்கு வேற கொடுத்திருந்தேன்.”

“யாருக்கு வாக்கு?” என்றார் எட்மண்ட்.

“எனக்கு” என்றார் ஃப்ளோரா. இதுவரை வாயே திறக்காதவர். “சுந்தரமூர்த்தி அண்ணன் கண்ணாடியையே மூக்குல வச்சிக்கிட்டுத் தேடுத ஆளு. மறந்துட்டார்னா? அதான் மாமிகிட்ட சொன்னேன். உங்ககிட்ட சொன்னா என் வண்டியை யாரு தொடச் சொன்னான்னு ஆடுவீங்க. நான் தொட்டாலே ஆடுவீங்களே.”

எட்மண்ட் யாரை முறைப்பது என்று தெரியாமல் ஒவ்வொருவராகப் பார்த்தார். சுந்தரமூர்த்தி டியூட்டி பார்த்தவர். பாலாம்பாள் பூ வைத்தவர். ஃப்ளோரா புருஷனின் வண்டிமேல் அக்கறை வைத்தவர். முறைக்க வசதியாக ஒருவரும் இல்லை. பார்வை கடைசியில் பானெட் மேலிருந்த பிளக்குகளில் வந்து நின்றது.

“இதுல ஒருத்தர் மட்டும் சரியாச் சொன்னாங்க அண்ணே” என்றார் ஜெரால்டின். “பேட்டரி ஒயரைக் கழட்டிட்டுப் போங்கன்னு.”

“ஆமா” என்றார் எட்மண்ட். “நான் சிரிச்சேன்.”

அதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பதினோரு மணிக்கு நாற்காலி நிறைந்தது. கூட்டம் எப்போதும் ஹிந்தியில்தான் நடக்கும். சுந்தரமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் விஷயத்தைப் படிக்கப் போனார். “நான் சொல்லுதேன்” என்று தமிழில் சொல்லிக்கொண்டே எட்மண்ட் எழுந்தார். இர்பான் கடைசித் தூண் ஓரமாக நின்றிருந்தான்.

எட்மண்டின் ஹிந்தி நாற்பது வருட ஹிந்தி. அதில் ஆண்பால் பெண்பால் எல்லாம் அவர் இஷ்டத்துக்குத்தான் வரும். அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை. இந்தப் பையன் போட்டது புது பிளக், பெட்ரோலை யாரும் எடுக்கவில்லை, வண்டியைக் கெடுத்தது என் யோசனை, அவனைத் திருடன் என்று எழுதினது என் கை, இந்தக் கூட்டத்துக்கு முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். சொல்லிவிட்டு நிஜமாகவே கைகூப்பினார். இர்பான் பதறிப்போய், “அரே அங்கிள், அங்கிள்” என்று ஓடிவந்து அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினான். முன்வரிசையில் ஒரு மராத்திக்கார அம்மா, தன் காரில் இரண்டு வாரமாக ஏதோ சத்தம் வருகிறது, கூட்டம் முடிந்ததும் பார்க்க முடியுமா என்று அவனைக் கேட்டார். அதோடு அந்த விஷயம் முடிந்தது. தண்ணீர்த் தொட்டி பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

இர்பான் பிளக்குகளை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, இடைவெளியைத் தகடு விட்டு அளந்து, திருப்பி மாட்டினான். இரண்டு தடவை இருமிவிட்டு ராணி கிளம்பிற்று.

“மிச்சம் இருக்கிற கரியை வண்டியே எரிச்சுக்கும்” என்றார் ஜெரால்டின். “ஆனா ஓட்டணும். வழியில பெட்ரோல் போட்டுக்கிட்டு, தளேகாவ் வரைக்கும் போய்ட்டு வாங்க.”

எட்மண்ட் டிரைவர் கதவு வரைக்கும் போனார். கைப்பிடியில் கைவைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, சாவியை எடுத்து இர்பான் பக்கம் நீட்டினார்.

“நீ ஓட்டு.”

ஃப்ளோரா ஜெரால்டினைப் பார்த்தார். கிளைவ் தன் நோட்டைத் தேடினார். இர்பான் சாவியை வாங்காமல் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே நின்றான். “நானா அங்கிள்?”

“ஏன், உனக்கு ஓட்டத் தெரியாதா? ஏறு. சீட்டு உனக்கு எப்படி வேணுமோ அப்படி நகத்திக்க.”

இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக எட்மண்ட் தன் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கத்துக் கண்ணாடியை எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை, ஃப்ளோராதான் வெளியிலிருந்து சொல்லிக்கொடுத்தார். பாலாம்பாள் வேகவேகமாக வந்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மாதாவின் காலடியில் அன்றைய பூவை வைத்தார். எட்மண்ட் சோக் குமிழைப் பார்த்தார். இர்பான் அதை ஏற்கெனவே உள்ளே தள்ளியிருந்தான்.

சிலந்தி வலை அறுந்தது. சருகுகள் நொறுங்கின. ராணி கேட்டைத் தாண்டிப் போயிற்று.

பத்து நிமிடம் கழித்துக் கிளைவின் போன் ஒலித்தது. சொசைட்டி குரூப்பில் எட்மண்ட் எழுதியிருந்தார். கூட்டத்துக்கு வராதவர்களுக்காகத் தான் சொன்னதை எல்லாம் திரும்ப ஒரு தடவை முழுக்க எழுதி, சனிக்கிழமை போட்டது தப்பு என்று முடித்திருந்தார். அதற்குக் கீழே குழந்தையின் படம். பதினேழு படமும் வந்துகொண்டே இருந்தன.

“பாவம் இர்பான்” என்றார் கிளைவ். “தளேகாவ் போய்ச் சேர்றதுக்குள்ள அவனும் பதினேழையும் பார்த்தாகணும்.”

“பார்க்கட்டும்” என்றார் ஜெரால்டின். ஃப்ளோராவின் மக்ரூன் டப்பா அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. இந்தத் தடவை மூடியைத் திறந்தது அவர்.